தையல் போட்ட இடம்

இரண்டாவது முறை கருவுற்ற பெண்கள் பலரின் மனதில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் பிரசவத்தில் கீழே கிழிந்து தையல் போட்டார்களே, அது இந்த முறை பிரிந்துவிடுமா? கணவரிடம் கேட்கக் கூச்சம். மாமியாரிடம் கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தாம்மா, பயப்படாத" என்று முடிந்துவிடும். டாக்டரிடம் கேட்கலாம்தான். ஆனால் எடை பார்த்து, பிரஷர் பார்த்து, சத்து மாத்திரை எழுதி, ஸ்கேனுக்குத் தேதி கொடுப்பதற்குள் அடுத்தவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிடுகிறார்.

கேள்வி கேட்கப்படாமலே வீடு திரும்புகிறது.

தமிழ்நாட்டில் இன்று பிரசவங்கள் ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு தரும் அளவு 99.6 சதவீதம். ரத்தம், சர்க்கரை, தைராய்டு, குழந்தையின் இதயத்துடிப்பு என்று எத்தனையோ சோதிக்கப்படுகின்றன. குழந்தை வெளியே வரப்போகும் வழியை மட்டும், வலி எடுக்கும் நாள் வரை பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அங்கே பழைய காயம், வீங்கிய ரத்தக்குழாய், மரு, கொப்புளம் என்று எது இருந்தாலும், முன்னரே தெரிந்தால் அநேகமாக எல்லாவற்றுக்கும் வழி உண்டு. நள்ளிரவில் பிரசவ அறையில் தெரியவரும்போதுதான் சிக்கலாகிறது.

நூல் எப்போதோ கரைந்துவிட்டது

பிரிந்துபோக அங்கே தையலே மிச்சமில்லை. பிரசவக் காயங்களுக்குப் போடும் நூல் உடம்பிலேயே கரையும் வகை. பரவலாகப் பயன்படும் விக்ரில் நூல் சுமார் 2 மாதங்கள், அதிகம் போனால் 70 நாட்களில் முற்றிலும் மறைந்துவிடும். இரண்டாவது குழந்தை வயிற்றில் வரும்போது அந்த இடத்தில் இருப்பது தழும்பு மட்டுமே.

தழும்பின் குணம் தோலின் குணம் இல்லை. எவ்வளவு நன்றாக ஆறினாலும் காயம்பட்ட தோல் தன் பழைய வலிமையில் சுமார் 80 சதவீதத்துக்கு மேல் திரும்பப் பெறுவதில்லை. நீளும் தன்மையும் கொஞ்சம் குறைவு. ஆனால் கர்ப்ப காலத்தில் அந்தப் பகுதிக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது, திசுக்கள் நீர் கோத்து மென்மையாகின்றன. அதனால் சாதாரணத் தழும்புகளில் பெரும்பாலானவை தலை வரும்போது இடம்கொடுத்துவிடும். சில மறுபடி கிழியும். அது ஆழமில்லாமல் இருந்தால் சில தையல்களோடு சரியாகும்.

யோனிவாய்க்கும் ஆசனவாய்க்கும் நடுவே 3 முதல் 4 சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு சதைப்பகுதி இருக்கிறது. மருத்துவர்கள் பெரினியம் என்பார்கள். இந்த அத்தியாயத்தில் அதை 'இடைமேடு' என்று அழைப்போம். பல திசைகளிலிருந்து வரும் தசைகள் வந்து கோத்துக்கொள்ளும் இடம் அது. நிறைமாதக் குழந்தையின் தலை, சரியாகக் குனிந்து வந்தாலும் 9.5 சென்டிமீட்டர் அகலம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் இடுப்புத்தளத் தசைகளைக் கணினியில் வடிவமைத்துப் பார்த்தார்கள். அந்தத் தசைகளில் ஒன்று, தலை வெளிவரும் கட்டத்தில் தன் இயல்பு நீளத்தைப்போல 3 மடங்குக்கும் மேல் நீள வேண்டியிருந்தது. உடம்பின் வேறு எந்தத் தசையிடமும் யாரும் இப்படி ஒரு வேலை கேட்பதில்லை.

எந்த அளவு கிழிசல்?

பிரசவக் கிழிசலை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறார்கள். தோல் மட்டும் கிழிந்தால் முதல் நிலை. இடைமேட்டின் தசையும் கிழிந்தால் இரண்டாம் நிலை. டாக்டர் வேண்டுமென்றே கத்தரியால் வெட்டிவிடும் எபிசியோட்டமியின் ஆழமும் ஏறக்குறைய இதுதான். ஆசனவாயைச் சுற்றியுள்ள சுருக்குத்தசை வரை போனால் மூன்றாம் நிலை. மலக்குடலின் உள்தோலும் சேர்ந்து கிழிந்தால் நான்காம் நிலை.

முதல் இரண்டு நிலைகளைக் கண்டவர்கள் அடுத்த பிரசவத்தைப் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. கணக்கு வேறாவது மூன்றாம் நிலையிலிருந்து.

காரணம், சுருக்குத்தசை இரண்டு வளையங்களால் ஆனது. உள்வளையம் நம் கட்டுப்பாட்டில் இல்லை. நாம் தூங்கும்போதும் அது இறுகியே இருக்கும். ஓய்வு நேரத்து இறுக்கத்தில் பெரும்பங்கு அதனுடையது. வெளிவளையம் நம் சொல்பேச்சு கேட்பது. 'இப்போது முடியாது, கொஞ்சம் பொறு' என்று நாம் அடக்கும்போது வேலை செய்வது அதுதான். பாவாடை நாடா அறுந்தால் இரண்டு முனைகளும் உள்ளே ஓடிவிடும் அல்லவா, வெளிவளையம் அறுந்தாலும் அப்படியே. முனைகள் இரு பக்கமும் சதைக்குள் பின்வாங்கிவிடும். தேடிப் பிடித்து இழுத்துச் சேர்க்காமல் மேலே தோலை மட்டும் தைத்துவிட்டால், பார்க்க நன்றாக இருக்கும். வளையம் மட்டும் திறந்தே கிடக்கும்.

கண்ணுக்கு முன்னால் இருந்தும்

1993இல் அப்துல் சுல்தான் என்ற மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் லண்டனில் நடத்திய ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன்பும் பின்பும் பெண்களின் ஆசனவாய்ச் சுருக்குத்தசையை அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். முதல்முறை சுகப்பிரசவம் ஆன 79 பெண்களில் 28 பேருக்குத் தசையில் இடைவெளி தெரிந்தது. அதாவது 35 சதவீதம். மகப்பேறு உலகமே திடுக்கிட்டது. கண்ணுக்குத் தெரியாத, உள்ளே மறைந்த காயங்கள் என்று அவற்றுக்குப் பெயரும் வந்தது.

உண்மையிலேயே மறைந்துதான் இருந்தனவா? 2006இல் அதே சுல்தானும் ரானீ தாக்கர் உள்ளிட்ட சக மருத்துவர்களும் மறுபடி பார்த்தார்கள். இந்த முறை 241 பெண்கள். பிரசவம் ஆனதும், தையலுக்கு முன்பே, பயிற்சி பெற்ற ஒரு மருத்துவர் விரல் வைத்து ஒவ்வொருவரையும் மீண்டும் சோதித்தார். வழக்கமான சோதனையில் 11 சதவீதம் என்றிருந்த சுருக்குத்தசைக் காயம் 25 சதவீதத்தை நெருங்கியது. அல்ட்ராசவுண்ட் அதற்கு மேல் காட்டியது மூன்று பேரை மட்டுமே. ஆக, காயங்கள் ஒளிந்திருக்கவில்லை. பார்க்க வேண்டியவர்கள் கவனமாகப் பார்க்காததால் விட்டுப்போயிருந்தன.

தமிழ்நாட்டு வாசகிகள் கவனிக்க வேண்டிய தகவல் ஒன்று. பிரிட்டனின் கணக்குகளில், ஆசிய வம்சாவளிப் பெண்களுக்கு இந்தக் காயம் ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதல் பிரசவம், ஆயுதம் போட்டு எடுப்பது, 4 கிலோவைத் தாண்டிய குழந்தை, முகம் மேல்நோக்கி வரும் குழந்தை ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன.

மலரின் 14ஆவது வாரம்

இனி ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து பார்ப்போம். மலர் என்று பெயர் வைத்துக்கொள்வோம். விளக்கத்துக்காகக் கோத்த ஆள்தான். ஆனால் அவருக்கு நடப்பதெல்லாம் மகப்பேறு மருத்துவர்கள் அன்றாடம் பார்ப்பவை.

மலருக்கு 27 வயது. முதல் பிரசவம் தேனியில், தாய்வீட்டில் இருந்தபோது. ஆயுதம் போட்டு எடுத்த 3.7 கிலோ ஆண் குழந்தை. இப்போது கணவரின் வேலைக்காகத் திருப்பூரில் இருக்கிறார். இரண்டாவது கர்ப்பம், 14ஆவது வாரம். கர்ப்பப் பதிவுக்கான பிக்மி எண் வாங்கியாயிற்று. கர்ப்பிணி அட்டையில் 'முந்தைய பிரசவம்' என்ற இடத்தில் 'நார்மல்' என்று ஒரே சொல் இருக்கிறது.

நம் ஊர் வழக்கத்தின் விளைவு இது. முதல் பிரசவம் தாய்வீட்டில், அடுத்தது பெரும்பாலும் புகுந்த ஊரில். மருத்துவமனை மாறுகிறது, டாக்டர் மாறுகிறார். முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி தாய்வீட்டு பீரோவில் துணிகளுக்கு அடியில் கிடக்கிறது. அதில்தான் 'மூன்றாம் நிலைக் கிழிசல், தியேட்டரில் தைக்கப்பட்டது' என்ற வரி இருக்கிறது. மலர் அதைப் படித்ததே இல்லை.

திருப்பூர் டாக்டர் கெட்டிக்காரர். 'நார்மல்' என்ற சொல்லோடு விடவில்லை.

"தையல் எவ்வளவு நேரம் போட்டாங்கம்மா?"

"ரொம்ப நேரம் மேடம். வேற ரூமுக்குத் தூக்கிட்டுப் போனாங்க. மயக்க ஊசி போட்டாங்க."

அந்த ஒரு பதிலே போதும். சாதாரணத் தையலுக்கு யாரையும் தியேட்டருக்குக் கொண்டுபோவதில்லை. டாக்டர் அடுத்த கேள்விகளை மெதுவாக, கதவைச் சாத்தச் சொல்லிவிட்டுக் கேட்கிறார். காற்று பிரிவது தெரியாமல் போகிறதா? உள்ளாடையில் கறை படுகிறதா? மலம் வரும் உணர்வு வந்தால் 15 நிமிடம் அடக்க முடிகிறதா, ஓட வேண்டியிருக்கிறதா? மலர் தலையைக் குனிந்துகொள்கிறார். கொஞ்சம் அவசரமாகத்தான் போக வேண்டியிருக்கிறது, இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை என்கிறார்.

பதில்கள் ஒவ்வொன்றும் ஒரு வளையத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. தெரியாமலே கசிந்தால் உள்வளையத்தில் பழுது. உணர்வு வந்தும் அடக்க முடியாவிட்டால் வெளிவளையம். மலருக்கு வெளிவளையத்தில்தான் கொஞ்சம் குறை இருக்கக்கூடும்.

பிறகு, அவருடைய சம்மதத்தோடு, நல்ல வெளிச்சத்தில் பார்க்கிறார். தழும்பு ஆறியிருக்கிறதா, தொட்டால் வலிக்கிறதா, இடைமேடு சுருங்கிக் குறுகிவிட்டதா? ஆசனவாயைச் சுற்றித் தோல் மடிப்புகள் வட்டமாக இருக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் மடிப்பில்லாமல் வழுவழுப்பாக இருந்தால் அங்கே தசை விட்டுப்போயிருக்கலாம். கையுறை விரலை உள்ளே வைத்து, "இறுக்கிப் பிடிங்கம்மா" என்கிறார். விரலைச் சுற்றிலும் பிடி வருகிறதா, மேலே ஓரிடத்தில் தளர்வாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இவ்வளவுக்கும் ஐந்து நிமிடம் ஆகாது.

பெரிய மருத்துவமனைகளில் இரண்டு சோதனைகள் கூடுதலாக உண்டு. அல்ட்ராசவுண்டில் வளையம் முழுசாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வளையத்தைக் கடிகார முகமாக வைத்துக்கொண்டால், ஒரு மணி நேர இடைவெளிக்கு மேல், அதாவது 30 பாகைக்கு மேல் திறந்திருந்தால் எச்சரிக்கை. இன்னொரு சோதனை, இறுக்கும்போது அழுத்தம் எவ்வளவு கூடுகிறது என்று அளப்பது. கூடுதல் 20 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குக் கீழே இருந்தால் அதுவும் எச்சரிக்கை. இந்த வசதி எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. இல்லாத இடத்தில் கேள்விகளும் அனுபவமுள்ள விரலும் வழிகாட்டும்.

மலரைக் கோயம்புத்தூருக்கு அனுப்பிப் பார்த்ததில் இடைவெளி சிறியது, இறுக்கும் அழுத்தம் நன்றாக இருக்கிறது. இப்போது முடிவெடுக்கலாம். ஒருமுறை மூன்றாம், நான்காம் நிலைக் கிழிசல் கண்டவர்களுக்கு அடுத்த சுகப்பிரசவத்தில் அதே காயம் திரும்ப வரும் வாய்ப்பு 100க்கு 5 முதல் 7. மிச்சமுள்ள 93 முதல் 95 பேருக்கு வருவதில்லை. மலர் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். இடைவெளி பெரிதாகவும் அழுத்தம் குறைவாகவும் இருந்திருந்தால், அல்லது ஏற்கெனவே கசிவு இருந்திருந்தால், இருக்கும் தசையைக் காப்பாற்ற சிசேரியனே நல்லது என்று டாக்டர் சொல்லியிருப்பார்.

சிசேரியன் சிறிய விஷயமில்லை. அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி பழைய கருப்பைத் தழும்பில் ஒட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் தொடங்குகிறது. மேலே சொன்ன அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியனாக நடந்தன. பழைய தையல் பற்றிய பயம் ஒன்றுக்காகவே இன்னொரு பெண் அந்தக் கணக்கில் சேரக்கூடாது. சேர வேண்டிய பெண் விட்டுப்போகவும் கூடாது. இரண்டையும் பிரிக்க, ஒருமுறை கேட்டு, ஒருமுறை பார்க்க வேண்டும்.

மலரின் அட்டையில் இப்போது ஒரு திட்டம் எழுதப்படுகிறது. மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்வது. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதி அறிமுகப்படுத்திய இடுப்புத்தளப் பயிற்சியைத் தினமும் செய்வது. பிரசவத்தன்று அனுபவமுள்ளவர் அருகில் இருப்பது, இடைமேட்டில் வெந்நீர்த் துணி ஒத்தடம், தலை வரும்போது முக்குவதை நிறுத்தி மூச்சை விட்டு மெதுவாக வெளியேற விடுவது, ஒரு கையால் இடைமேட்டைத் தாங்குவது. வெட்ட வேண்டியிருந்தால் மட்டும் வெட்டுவது, அதுவும் ஆசனவாயை விட்டு விலகி, சாய்வாக 60 பாகையில். நார்வே இப்படித் தாங்கும் முறையை நாடு முழுக்கத் திரும்பக் கற்றுக்கொடுத்தது. 2004இல் சுமார் 4 சதவீதமாக இருந்த சுருக்குத்தசைக் காயம் 2010இல் ஏறக்குறைய 2 சதவீதத்துக்கு இறங்கியது.

நரம்பு சுருட்டிக்கொண்டால்

ஐந்தாம் மாதத்தில், குளிக்கும்போது, கீழே ஏதோ புழு நெளிவதுபோல் கையில் தட்டுப்படுகிறது என்று பயந்துபோய் வருகிற பெண்கள் உண்டு. நின்றால் கனக்கிறது, படுத்தால் குறைகிறது. காலில் வரும் நரம்புச் சுருட்டல்தான் இது. வந்திருக்கும் இடம் வேறு. வீங்குவது நரம்பு இல்லை, அசுத்த ரத்தம் கொண்டுபோகும் சிரை. கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு பாதிக்குப் பாதி வரை கூடுகிறது, புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிரைகளின் சுவரைத் தளர்த்துகிறது, வளரும் கருப்பை மேலே போகும் ரத்தத்தை அழுத்தித் தடுக்கிறது. இரண்டாம் கர்ப்பத்திலிருந்துதான் இது அதிகம் காணப்படுகிறது.

பிரசவத்தின்போது வெடித்துவிடுமோ என்பதுதான் எல்லோருக்கும் பயம். அப்படி நடப்பது மிக அரிது. இதற்காக சிசேரியன் தேவையில்லை. இறுக்கமான தாங்கு உள்ளாடை, இடப்பக்கம் சாய்ந்து படுப்பது, நீண்ட நேரம் நிற்காமல் இருப்பது போதும். குழந்தை பிறந்து ஆறு வாரத்துக்குள் பெரும்பாலும் மறைந்துவிடும். ஆனால் தைப்பவருக்கும் வெட்டுபவருக்கும் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திடீரென வீங்கி, கெட்டியாகி, கடுமையாக வலித்தால் ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே போக வேண்டும்.

மருவும் கொப்புளமும்

வைரஸால் வரும் பாலுறுப்பு மரு கர்ப்பத்தில் வேகமாகப் பெரிதாவதுண்டு. பார்க்கப் பயமாக இருந்தாலும், வழியை அடைத்தாலோ கடுமையாக ரத்தம் கசிந்தாலோ தவிர சிசேரியன் வேண்டாம். உறையவைத்தோ அமிலம் தொட்டுவைத்தோ பாதுகாப்பாக அகற்றலாம். போடோபில்லின் என்ற பழைய மருந்தை மட்டும் கர்ப்பிணிக்குத் தொடக்கூடாது.

ஹெர்ப்பிஸ் கொப்புளம் வேறு கதை. பழைய கொப்புளம் அவ்வப்போது திரும்பினால் குழந்தைக்கு ஆபத்து சிறிது. 36ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். வாழ்நாளில் முதல்முறையாகக் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், தாயின் உடம்பு நோயெதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிக் குழந்தைக்கு அனுப்ப நேரமில்லை. அப்போது சிசேரியன் செய்வதே வழக்கம். எரியும் கொப்புளத்தை வெட்கப்பட்டு மறைப்பது குழந்தையின் உயிரோடு விளையாடுவது.

சூடானிலும் சோமாலியாவிலும்

சில நாடுகளில் பிரசவ வழியில் காணும் மாற்றம் பிறவியாலோ நோயாலோ வந்ததில்லை, மனிதர் செய்தது. சோமாலியா, சூடான் போன்ற நாடுகளில் சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுத்து, இருபுறத் தோலையும் சேர்த்து மூடி, சிறு துளை மட்டும் விடும் கொடுமை தலைமுறைகளாக நடந்துவந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆறு ஆப்பிரிக்க நாடுகளில் 28,393 பெண்களின் பிரசவத்தை ஆராய்ந்து 2006இல் வெளியிட்டது. இந்த வகைக் காயத்துக்கு ஆளானவர்களிடம், அறுக்கப்படாத பெண்களைவிட, சிசேரியன் 31 சதவீதமும், பிரசவத்துக்குப் பிந்தைய மிகுந்த ரத்தப்போக்கு 69 சதவீதமும் கூடுதலாக இருந்தன.

அகதிகளாகப் பிரிட்டன் போன பெண்களுக்காக 1990களில் லண்டன் மருத்துவமனைகளில் தனிப் பிரிவுகள் தொடங்கின. அங்கே கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே, மூடிய தோலை மரத்துப்போகச் செய்து நடுக்கோட்டில் பிரித்துவிடுகிறார்கள். காயம் பிரசவத்துக்கு முன்பே ஆறிவிடும். சிறுநீர் போகும் வழி தெளிவாகத் தெரியும். பிரசவத்துக்குப் பிறகு மறுபடி மூடித் தைக்கச் சொன்னால் மறுக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம்.

35ஆவது வாரத்திலிருந்து

பழைய காயம் எதுவும் இல்லாத, முதல் பிரசவத்தை எதிர்பார்க்கும் பெண்ணுக்கும் ஒரு வேலை இருக்கிறது. 35ஆவது வாரத்திலிருந்து வாரம் ஒன்றிரண்டு முறை, பத்து நிமிடம், சுத்தமான எண்ணெய் தொட்ட விரலை யோனிவாயின் உள்ளே ஒன்றரை அங்குலம் வைத்து, கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் மெதுவாக அழுத்தி நீவுவது. சுமார் 2,500 பெண்கள் பங்கேற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இதைச் செய்தவர்களில் தையல் தேவைப்பட்டவர்கள் சுமார் 10 சதவீதம் குறைவு, எபிசியோட்டமி சுமார் 16 சதவீதம் குறைவு. நஞ்சுக்கொடி கீழே இருப்பவர்களும், பனிக்குடம் உடைந்தவர்களும், புண்ணோ கொப்புளமோ உள்ளவர்களும் செய்யக்கூடாது.

முதல் பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி வேறு ஊரில் இருந்தால், அம்மாவிடம் சொல்லி இன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுத்த செக்கப்பில் டாக்டரிடமோ செவிலியரிடமோ அதைக் காட்டி, "எந்த நிலைக் கிழிசல்னு பார்த்துச் சொல்லுங்க, இந்தத் தடவை அந்த இடத்தையும் ஒருமுறை பாருங்க" என்று நீங்களே கேளுங்கள். பெண் டாக்டர்தான் வேண்டும் என்றால் அதையும் சொல்லுங்கள். அட்டையில் அந்த வரி எழுதப்பட்டதை நேரில் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.